புல்தரையில் பள்ளம்: அறிகுறியைப் பார்த்து நிரப்பு மண்ணைத் தேர்ந்தெடுக்கும் வழி

சென்னையிலும் அதன் சுற்றுப்புறத்திலும் வீட்டு லான் உருவாகும் விதம் பெரும்பாலும் ஒரே மாதிரிதான். மனையைச் சவுடு மண் போட்டு உயர்த்துவார்கள். வீடு கட்டி முடிந்ததும் செங்கல் உடைசலும் சிமென்ட் கட்டியும் மிஞ்சிய ஜல்லியும் முன்பக்கம் பரவிக் கிடக்கும். அதன்மேல் நாலைந்து அங்குலம் செம்மண் கொட்டி, கொரியன் புல் பத்தைகளை ஒட்டிவிடுவார்கள். ஐப்பசி மழை வந்ததும் அங்கங்கே அமுங்கத் தொடங்கும். உடனே கடையில் கிடைத்த மணலையோ, நர்சரியில் 'கார்டன் மண்' என்று விற்கும் மூட்டையையோ வாங்கிக் கொட்டி நிரவுவார்கள். பாதிப் பேருக்கு அடுத்த மழையில் அதே இடத்தில் பழைய பள்ளம் திரும்ப வரும், அல்லது புதிதாக ஒரு தொல்லை முளைக்கும்.

பள்ளத்துக்கு அடியில் என்ன மண் இருக்கிறதோ, அதற்கு நெருக்கமான மண்தான் மேலேயும் போக வேண்டும். கீழேயுள்ள எல்லாமே இதை ஒட்டியவை. விலையோ நிறமோ 'சத்து' என்ற பேச்சோ இதற்குப் பிறகுதான்.

முதலில் ஒரு அடி தோண்டிப் பாருங்கள்

பள்ளத்தின் நடுவில் மண்வெட்டியால் ஒரு அடி ஆழத்துக்குச் சின்னக் குழி எடுங்கள். மேலே செம்மண் எத்தனை அங்குலம், அதற்குக் கீழே என்ன, உடைசல் தட்டுகிறதா, ஈரமாக இருக்கிறதா, நாற்றம் அடிக்கிறதா என்று பாருங்கள். தோண்டாமல் எந்த மண் வேண்டும் என்று யாராலும் சொல்ல முடியாது.

அந்த மண்ணில் ஒரு கைப்பிடியை எடுத்துக் கண்ணாடி பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு போட்டு, தண்ணீர் நிரப்பி, துளி சோப்புத்தூள் சேர்த்து நன்றாகக் குலுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அடியில் படிவது மணல். இரண்டு மணி நேரத்தில் அதன்மேல் படிவது வண்டல். ஒரு நாள், இரண்டு நாள் கழித்துப் படிவது களி. வாங்கப் போகும் மண்ணிலும் ஒரு கைப்பிடி மாதிரி கேட்டு வாங்கி, பக்கத்திலேயே இன்னொரு பாட்டிலில் இதையே செய்யுங்கள். இரண்டு பாட்டிலிலும் அடுக்குகள் ஏறக்குறைய ஒரே அளவில் நின்றால் அந்த மண்ணை நம்பி வாங்கலாம். “சார், இது லானுக்குன்னே வர்ற மண்ணு” என்று லாரிக்காரர் சொல்வதைவிட இந்த இரண்டு பாட்டில்கள் சொல்வதைக் கேளுங்கள்.

பள்ளத்தின் ஆழம் தெரிய, கொத்தனார் வைத்திருக்கும் மட்டப்பலகையைக் குறுக்கே போட்டு அடியில் அளவுகோலை வையுங்கள். பெரிய இடமாக இருந்தால் இரு முளை அடித்து நூல் கட்டலாம். ஆழம் ஒரு அங்குலத்துக்குள்ளா, அதற்கு மேலா என்பதைப் பொறுத்து வேலை முறையே மாறிவிடும்.

அறிகுறி: மழை விட்டு அரை நாள் ஆகியும் தண்ணீர் நிற்கிறது

அதிகம் தவறாகக் கையாளப்படுவது இதுதான். தண்ணீர் நிற்பதைப் பார்த்ததும் மணல் கொட்டத் தோன்றும். மணலில் தண்ணீர் இறங்கும் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் அந்த மணலுக்கு அடியில் இருப்பது களி கலந்த மண் என்றால், இறங்கிய தண்ணீர் அங்கே போய் நின்றுவிடும். களிமண்ணுக்குள் தோண்டிய குழியில் மணலை நிரப்புவது, அடியில் ஓட்டை இல்லாத தொட்டியில் செடி வைப்பது போலத்தான். மேலே ஈரம் தெரியாது. வேர் மட்டும் தண்ணீரில் ஊறி அழுகும். சில வாரங்களில் புல் வெளிறி, பத்தையைப் பிடித்து இழுத்தால் கையோடு வரும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. திருவான்மியூர், நீலாங்கரை பக்கம் கடலோர மணல் மனையில், பள்ளத்துக்குக் கொழுத்த களிமண்ணையோ ஏரி மண்ணையோ போடுவார்கள். நுண்ணிய மண் மேலேயும் பருமணல் கீழேயும் இருந்தால், மேல் மண் ஏறக்குறைய முழுக்க நனைந்து நிறையும் வரை தண்ணீர் கீழே இறங்காது. நுண்ணிய துளைகள் தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பெரிய துளைகள் அதை இழுக்க மாட்டா. மணல் மனையில் போய்த் தண்ணீர் தேங்குகிறதே என்று வியப்பவர்கள் வீட்டில் தோண்டிப் பார்த்தால் பல இடங்களில் இந்த அடுக்குதான் இருக்கும்.

ஆகவே முதலில் மண் தண்ணீரை இறக்குகிறதா என்று சோதியுங்கள். எடுத்த ஒரு அடிக் குழியில் தண்ணீர் நிரப்பி முழுதும் இறங்க விடுங்கள். மறுபடி நிரப்பி, அளவுகோலை நிறுத்தி வைத்து மணிக்கு எவ்வளவு இறங்குகிறது என்று பாருங்கள். மணிக்கு ஒரு அங்குலம் அளவில் இறங்கினால் மண்ணில் குறை இல்லை. பள்ளமாக இருப்பதால் மட்டுமே தண்ணீர் அங்கே சேருகிறது. அதே வகை மண்ணைப் போட்டு மட்டம் செய்தால் தீர்ந்துவிடும்.

இறங்கவே இல்லை என்றால் எந்த மண்ணும் அதைத் தீர்க்காது. தண்ணீருக்கு வழி வேண்டும். வீட்டுச் சுவரிலிருந்து வெளிப்பக்கமாக, பத்தடிக்கு இரண்டரை அங்குலம் அளவில் சரிவு கிடைக்கும்படி தரையை அமைத்துவிட்டு, அதன் பிறகு பள்ளத்தைப் பாருங்கள். அப்படி உயர்த்தும்போது மண் மட்டம் வீட்டின் அடிபீட (பிளிந்த்) மட்டத்தைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ஈரம் சுவரில் ஏறும்.

அறிகுறி: தண்ணீர் நிற்கவில்லை, ஆனால் நடந்தால் கால் தடுக்குகிறது

ஒரு அங்குலத்துக்குள் உள்ள பள்ளம் இது. புல்லை எடுக்க வேண்டாம். புல்லை வழக்கத்தைவிடக் கொஞ்சம் தாழ வெட்டி, மேலேயே சலித்த மண்ணைத் தூவி, விளக்குமாற்றாலோ பலகையின் விளிம்பாலோ புல்லுக்குள் இறக்கிவிட வேண்டும்.

செம்மண் தரைக்கு நான் போடும் கலவை: நாலு சட்டி சலித்த செம்மண், ஒரு சட்டி கழுவிய மணல், ஒரு சட்டி நன்றாக மக்கிய தொழுவுரம் அல்லது மண்புழு உரம். கடலோர மணல் தரைக்கு: நாலு சட்டி அதே மனையின் மணல், ஒரு சட்டி மக்கிய உரம். மணல் தரைக்குச் செம்மண் சேர்க்க ஆசைப்படாதீர்கள். தரை முழுக்கச் சீராகக் கலந்தால் பரவாயில்லை, பள்ளத்தில் மட்டும் போட்டால் அது தனித் திட்டாகவே நிற்கும்.

ஒரு தடவைக்கு அரை அங்குலத்துக்கு மேல் வேண்டாம். தூவி முடித்த பிறகு புல் நுனி வெளியே தெரிய வேண்டும். அருகம்புல்லும் பெர்முடா வகைகளும் மண்ணுக்கடியிலிருந்தே முட்டிக்கொண்டு வரும் என்பதால் கொஞ்சம் தாராளம் பொறுக்கும். கொரியன் புல் மெதுவாக வளர்வது. அதை மூடினால் மூச்சு முட்டிவிடும். மீதிப் பள்ளத்தை, புல் மண்ணைத் தாண்டி எழுந்த பிறகு, மூன்று நான்கு வாரம் கழித்து நிரப்புங்கள்.

அறிகுறி: நிரப்பிய இடம் மறுபடி மறுபடி அமுங்குகிறது

இரண்டு அங்குலத்துக்கு மேல் ஆழமான பள்ளம் பெரும்பாலும் இந்த ரகம். காரணம் மூன்றில் ஒன்றாக இருக்கும்.

முதலாவது, போட்ட மண்ணே கரைந்துபோகும் மண். தேங்காய் நார்க்கழிவு, இலை மக்கு, மண்புழு உரம் ஆகியவற்றை நிரப்பு மண்ணாகப் பலர் போடுகிறார்கள். எடை குறைவு, மூட்டை தூக்க எளிது, புல்லும் முதல் மாதம் பளபளவென்று இருக்கும். ஆனால் மக்கும் பொருள் மக்கித்தான் தீரும். மக்க மக்க அளவு குறையும், தரை இறங்கும். நார்க்கழிவு ஈரத்தில் உப்பி, காய்ந்ததும் சுருங்குவதால் காலுக்கு மெத்தென்று அமுங்கிக்கொண்டே இருக்கும். ஆழமான நிரப்புக்கு உரம் எதுவும் வேண்டாம், வெறும் மண்தான். உரம் மேல் இரண்டு அங்குலத்துக்கு மட்டும் போதும்.

இரண்டாவது, அடியில் ஏதோ அழுகிக்கொண்டிருக்கிறது. வெட்டிய தென்னையின் அடிக்கட்டை, சென்ட்ரிங் வேலையில் மிஞ்சிய பலகைத் துண்டு, சிமென்ட் காகிதப் பைகள். மழைக்காலத்தில் அந்த இடத்தில் மட்டும் காளான் முளைத்தால் மரம் புதைந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். தோண்டி எடுத்தே ஆக வேண்டும். விட்டுவைத்தால் கறையானையும் கூட்டிவரும். உடைசல் கிடந்தால் அதையும் எடுங்கள். கற்களுக்கு இடையிலுள்ள வெற்றிடத்துக்குள் மேல்மண் ஒவ்வொரு மழையிலும் வழிந்து இறங்கிக்கொண்டேயிருக்கும். சிமென்ட் கலவைத் துண்டுகள் மண்ணின் காரத் தன்மையையும் ஏற்றும். அந்த இடத்துப் புல் மட்டும் மஞ்சளாக நிற்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

மூன்றாவது, போட்ட மண்ணை அடுக்கடுக்காக இறுக்கவில்லை. ஆழப் பள்ளத்துக்கு முறை இது. மண்வெட்டியால் ஆங்கில 'எச்' எழுத்து வடிவில் கீறி, புல் பத்தையை இரண்டு அங்குல கனத்தில் வேரோடு இரு பக்கமும் மடித்துத் திறந்துவிடுங்கள். பள்ளத்தின் அடிமண்ணை இரண்டு மூன்று அங்குலம் கொத்திவிடுங்கள். பழைய மண்ணும் புது மண்ணும் அப்போதுதான் ஒன்றோடொன்று பிடிக்கும். மூன்று அங்குலம் மண் போட்டு, தண்ணீர் தெளித்து, காலால் மிதித்து அல்லது திமிசுக்கட்டையால் லேசாகத் தட்டி, அடுத்த மூன்று அங்குலம். சேறாகும் அளவு நனைத்துத் தட்டினால் செங்கல் போல் இறுகிவிடும். புட்டு மாவு பதத்து ஈரம் போதும். சுற்றுத் தரையைவிட அரை அங்குலம் உயர்வாக முடித்துப் பத்தையை மூடுங்கள். இரண்டு வாரம் தினமும் தண்ணீர்.

பள்ளம் வட்டமாக இல்லாமல் கோடாக நீண்டால், அது குழாய் போட்ட வாய்க்கால். அதையும் இப்படித்தான் அடுக்கி நிரப்ப வேண்டும். வெயில் காலத்திலும் அந்தக் கோடு மட்டும் பச்சையாகவும் ஈரமாகவும் இருந்தால் மண்ணை மறந்துவிட்டு பிளம்பரைக் கூப்பிடுங்கள், குழாய் கசிகிறது. பழைய கிணறு, உறிஞ்சுகுழி, செப்டிக் டேங்க் இருந்த இடத்தில் திடீரென்று ஆழமாகக் குழி விழுந்தால் அதன்மேல் நிற்காதீர்கள், குழந்தைகளையும் அண்டவிடாதீர்கள். சுற்றிலும் கயிறு கட்டிவிட்டு, தெரிந்த கட்டட ஆளை அழைத்துக் காட்டுங்கள். மேலே மண் கொட்டி மறைப்பது உயிருக்கே ஆபத்து.

அறிகுறி: நிரப்பிய இடம் பாறையாக இறுகிவிட்டது

கத்தியைக் குத்தினால் இறங்காது, தண்ணீர் ஊற்றினால் வழிந்தோடும். இதில் இரண்டு பொருள்கள் மேல்தான் என் சந்தேகம் முதலில் போகும்.

ஒன்று கிரஷர் தூள், அல்லது தூள் அதிகமுள்ள எம்-சாண்ட். ஆற்று மணல் எளிதில் கிடைக்காததால் இப்போது எல்லோர் கையிலும் எம்-சாண்ட்தான் இருக்கிறது. உடைத்த கருங்கல் என்பதால் துகள்கள் கூர்மையாக, ஒன்றுக்குள் ஒன்று பூட்டிக்கொள்ளும். கான்கிரீட்டுக்கு அது நல்ல குணம். புல் வேருக்குக் கெட்ட குணம். அதோடு நுண்தூளும் சேர்ந்தால் இடைவெளி எல்லாம் அடைபட்டுவிடும். எம்-சாண்ட்டை அடியோடு தள்ள வேண்டியதில்லை. கழுவியதா என்று கேளுங்கள். பாட்டிலில் குலுக்கி, மணல் படிந்த பிறகு மேலே சாம்பல் நிறத்தில் கனமாக ஒரு படிவம் நின்றால் அந்த லோடு வேண்டாம். பூச்சு வேலைக்கு விற்கும் பி-சாண்ட் இன்னும் நைசானது. புல்தரைக்கு அதைத் தவிர்ப்பதே நல்லது.

இன்னொன்று, களிமண்ணில் கொஞ்சமாக மணல் கலப்பது. கால் பங்கு மணல் சேர்த்தால் களி கால் பங்கு இளகும் என்று நினைப்பார்கள். நடப்பது வேறு: மணல் துகள்களுக்கு இடையில் களி புகுந்து அடைத்துக்கொண்டு, காய்ந்ததும் முன்னைவிடக் கெட்டியாகும். மணலால் குணம் மாற வேண்டும் என்றால் கலவையில் பெரும்பங்கு மணலாகவே இருக்க வேண்டும். ஒரு வீட்டு லானில் அது ஆகிற காரியம் இல்லை. களிமண்ணை இளக்குவது மக்கிய உரம்தான், அதுவும் ஆண்டுக்கு இருமுறை மெல்லியதாகத் தூவித் தூவி.

ஏற்கெனவே இறுகிவிட்ட இடத்தை மேலிருந்து சரிசெய்ய முடியாது. பத்தையைத் திறந்து, போட்டதை வெளியே எடுத்து, சரியான மண்ணைப் போடுங்கள். வலிக்கும் வேலைதான், ஆனால் ஒருமுறையோடு முடியும்.

அறிகுறி: கோயம்புத்தூர்ப் பக்கக் கரிசலில் கோடையில் பிளவு, மழையில் மேடு

கரிசல் நனைந்தால் உப்பும், காய்ந்தால் சுருங்கி வெடிக்கும். கோடையில் பிளவையும் பள்ளத்தையும் பார்த்து மணலைக் கொட்டி நிரப்பினால், மழையில் மண் உப்பும்போது அதற்கு இடம் இருக்காது. பக்கத்துத் தரையைத் தூக்கிவிடும். கரிசலின் உண்மையான மட்டம் ஒரு நல்ல மழைக்குப் பிறகு, மண் நனைந்து ஓரிரு வாரம் ஆன நிலையில்தான் தெரியும். அப்போது அளந்து, சலித்த கரிசலோடு மக்கிய உரம் கலந்து நிரப்புங்கள். கோடையில் செய்ய வேண்டியது ஈரம் சீராக இருக்கும்படி ஆழமாகத் தண்ணீர் விடுவது மட்டும்.

அறிகுறி: நிரப்பிய இடத்தில் புல் மஞ்சளாகிறது, கருகுகிறது

அரை அங்குலத்துக்கு மேல் மூடியிருந்தால் காரணம் அதுவே. விளக்குமாற்றால் தள்ளி நுனிகளை வெளியே எடுங்கள். இலை நுனி மட்டும் கருகி, மண்மேல் வெள்ளையாகப் பூத்திருந்தால் உப்பு. கடற்கரை மணல், முகத்துவார மணல், கழுவாத நார்க்கழிவு ஆகிய மூன்றிலும் இது வரும். தண்ணீர் நன்றாக இறங்கும் தரையாக இருந்தால், நல்ல தண்ணீரைத் தாராளமாகப் பல நாள் பாய்ச்சிக் கழுவிவிடலாம். சந்தேகம் இருந்தால் மாதிரியை அரசு மண் பரிசோதனை நிலையத்திலோ வேளாண் அறிவியல் நிலையத்திலோ கொடுத்து உப்பு அளவைப் பார்த்துவிடுங்கள்.

மக்காத பச்சைச் சாணம் கலந்திருந்தால் சூட்டில் புல் கருகும். அதைவிட மோசம், சாணக் குவியலில் காண்டாமிருக வண்டின் புழுக்கள் இருக்கும். பக்கத்தில் தென்னை இருந்தால் வளர்ந்த வண்டு அதன் குருத்துக்குப் போகும். தொழுவுரம் கையில் எடுத்தால் உதிர வேண்டும், மண்வாசனைதான் வர வேண்டும்.

நிரப்பிய இடம் மட்டும் வெயிலில் முதலில் வாடினால், அது செம்மண்ணுக்கு நடுவே மணல் திட்டு. ஆழம் குறைவு என்றால் கம்பியால் குத்திக் குத்தி மக்கிய உரத்தை இறக்கினால் ஓரளவு சரியாகும்.

அறிகுறி: பள்ளம் போயிற்று, கோரை வந்துவிட்டது

ஏரி மண்ணிலும் வயல் மண்ணிலும் வண்டல் அதிகம், புல்லும் செழிக்கும். ஆனால் அதில் கோரைக்கிழங்கு இருக்கும். ஒரு கிழங்கிலிருந்து சரம் சரமாகப் பரவி, கொரியன் புல்லுக்குள் புகுந்தால் கையால் பிடுங்கித் தீராது. மேலே பிடுங்கினால் கிழங்கு கீழே தங்கிவிடும். பார்த்தீனிய விதையும் இப்படி மண்ணோடு வரும். பள்ளத்தைவிடப் பெரிய துன்பம் இது என்பது என் கருத்து. பள்ளத்தோடு வாழலாம், கோரையோடு லான் வைத்திருக்க முடியாது. வந்த மண்ணைப் புல்லின்மேல் உடனே போடாமல், ஓரமாக அரையடி உயரத்துக்குப் பரப்பி, தண்ணீர் தெளித்து இரண்டு மூன்று வாரம் விடுங்கள். முளைப்பது எது என்று தெரிந்துவிடும். கோரை தலைகாட்டினால் அந்த மண் லானுக்கு வேண்டாம்.

அறிகுறி: பள்ளமே இல்லை, புல்தான் குமிழ் குமிழாக எழுந்திருக்கிறது

நுண்ணிலைக் கொரியன் புல்லை வெட்டாமல் விட்டால் தானாகவே மேடு மேடாகத் திரளும். பலகையைப் போட்டு, அடியில் புல்லை விலக்கி மண்ணைத் தொட்டுப் பாருங்கள். மண் மட்டமாக இருந்தால் நிரப்ப எதுவும் இல்லை. ஒரே நாளில் மொட்டை அடிக்காமல், சில வாரங்களில் படிப்படியாகத் தாழ வெட்டி, அடியில் சேர்ந்த காய்ந்த சருகு மெத்தையை வாரிவிட்டு, மேலே கால் அங்குலம் சலித்த மண் தூவினால் போதும்.

எவ்வளவு மண், எப்போது

நூறு சதுர அடிக்குச் சராசரி ஒரு அங்குலம் நிரப்ப எட்டேகால் கன அடிக்குச் சற்றே கூடுதல் மண் வேண்டும். அமுங்கப் போவதையும் சேர்த்துப் பத்துக் கன அடி என்று வைத்துக்கொள்ளுங்கள். சிமென்ட் பையில் கட்டினால் எட்டுப் பை. லாரிக்காரர் சொல்லும் ஒரு யூனிட் நூறு கன அடி. சின்ன லானுக்கு யூனிட் கணக்கில் இறக்கிவிட்டு மிச்சத்தை வைக்க இடமில்லாமல் தவிப்பவர்கள் உண்டு.

ஆடி, ஆவணி நல்ல காலம். சூடும் இருக்கும், அவ்வப்போது மழையும் இருக்கும், புல் வேகமாக ஏறும். ஐப்பசிக்கு முன் வேர் பிடித்துவிட வேண்டும். சென்னையின் ஆண்டு மழையில் பெரும்பகுதி அக்டோபர் முதல் டிசம்பர் வரை கொட்டுவதால், அந்த நேரத்தில் போட்ட தளர் மண் தெருவுக்குத்தான் போகும். தவறவிட்டால் மாசி, பங்குனி.

வேலை முடிந்ததும் மிஞ்சிய மண்ணில் இரண்டு பையைக் கட்டி, நனையாத இடத்தில் வையுங்கள். அடுத்த மழைக்குப் பிறகு ஓரிரு இடம் கால் அங்குலம் இறங்கும். அப்போது அதே மண் கையில் இருக்க வேண்டும். அடுத்த லோடு வேறு இடத்து மண்ணாகத்தான் வரும்.